ஏஐ 42 சதவீதம் காட்டினால் ஆய்வேடு போச்சா?

கேள்வி: கண்மாய்ப் பாசனம் பற்றி பிஎச்.டி. செய்கிறேன். தமிழில் எழுதி, சாட்ஜிபிடியிடம் கொடுத்து ஆங்கிலமாக்கினேன். பல்கலைக்கழக வாசலில் உள்ள பிரவுசிங் சென்டரில் சோதித்தால் ஒப்புமை 9 சதவீதம், ஏஐ 42 சதவீதம் வருகிறது. “40-ஐத் தாண்டினால் யூஜிசி ஒரு வருஷம் தடை போடும். பக்கத்துக்கு 40 ரூபாய் கொடுங்கள், எடுத்துவிடுகிறோம்” என்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஆய்வு மாணவி, சிவகங்கை

பதில்: கொடுக்காதீர்கள். சென்டர்காரர் இரண்டு எண்களைக் கலந்து உங்களைப் பயமுறுத்துகிறார். நூலகத்தில் இந்தச் சோதனை அறிக்கைகளை எடுத்துத் தருவதுதான் என் வேலை. இந்தக் கதையை வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன்.

யூஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையில் உள்ள 10, 40, 60 என்ற வரம்புகள் ஒப்புமைக்கு உரியவை. அதாவது, உங்கள் வரிகள் பிறர் எழுதியதோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்கு. 10 வரை தண்டனை இல்லை, உங்களுடையது 9. சாட்ஜிபிடி வந்ததே 2022 நவம்பரில். அதற்கு நான்கு வருஷம் முன்பே எழுதிய விதியில் ஏஐ சதவீதம் எங்கிருந்து வரும்?

ஏஐ எண் என்பது, எவ்வளவை இயந்திரம் எழுதியிருக்கும் என்ற வெறும் கணிப்பு. ஒப்புமை என்றால் எந்த நூலோடு ஒத்துப்போகிறது என்று காட்டலாம்; இதற்கு அப்படி ஒன்றும் காட்ட முடியாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயே 2023 ஜனவரியில் ஏஐ எழுத்தைப் பிடிக்கும் ஒரு கண்டுபிடிப்பான் வெளியிட்டு, சரியாக வேலை செய்யவில்லை என்று ஜூலையில் மூடியது. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கண்டுபிடிப்பான்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்காக எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ என்று முத்திரை விழுந்தது.

ஆனால் உங்கள் விஷயத்தில் கருவி தவறு என்று வாதாட முடியாது. ஆங்கிலம் உண்மையிலேயே இயந்திரத்தினுடையதுதானே. அது குற்றமா என்பதுதான் கேள்வி. “கண்மாய்ப் பாசனம் பற்றி ஓர் இயல் எழுது” என்று கேட்டு வாங்கினால் அது உங்கள் ஆய்வு இல்லை. அதில் பேச்சே கிடையாது. நீங்கள் களத்துக்குப் போய், விவசாயிகளிடம் கேட்டு, தமிழில் எழுதியதை ஆங்கிலமாக்க மட்டும் பயன்படுத்தினால் அது வேறு. மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்து வாங்குவதைப் போல. ஆனால் மொழிபெயர்ப்பாளர் இருந்தார் என்று சொல்ல வேண்டும் இல்லையா? எந்தக் கருவி, எந்த இயல்களுக்கு, எதற்காக என்று முன்பக்கத்தில் நாலு வரி எழுதுங்கள். தேதியோடு உள்ள தமிழ்ப் பிரதிகளையும் களக் குறிப்பேட்டையும் பத்திரமாக வையுங்கள். வாய்மொழித் தேர்வில் கேட்டால் எடுத்துக் காட்டலாம். வரிவரியாகத் தமிழோடு ஒப்பிட்டுப் படிக்கவும் வேண்டும். ஒத்தி வேறு, குத்தகை வேறு. இயந்திரம் இரண்டையும் ‘லீஸ்’ என்று எழுதிவிட்டுப் போகும், தேர்வாளர் உங்களைத்தான் கேட்பார். உங்கள் பல்கலைக்கழகத்துக்குத் தனிச் சுற்றறிக்கை இருந்தால் அதுதான் செல்லும். முதலில் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி அந்த சென்டர். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்ளாதீர்கள். ‘ஏஐ ரிமூவல்’ என்று அவர்கள் செய்வது, சொற்களை மாற்றிப் போடும் இன்னொரு மென்பொருளில் உங்கள் இயலைத் தள்ளுவது. அப்படி வந்த ஓர் ஆய்வேட்டில் ‘டேங்க் இரிகேஷன்’ என்பது ‘கன்டெய்னர் வாட்டரிங்’ ஆகியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். கண்மாய் தண்ணீர்த் தொட்டியாகிவிட்டது! அச்சான ஆய்விதழ்களிலேயே ‘பிரெஸ்ட் கேன்சர்’ ‘பூசம் பெரில்’ (மார்பு ஆபத்து) ஆனதை 2021-இல் பட்டியல் போட்டு வெளியிட்டார்கள். ஏஐ எண் இறங்கலாம். ஆய்வேட்டைப் படிக்கிறவர் சிரிப்பார்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. சென்டர்காரர் யாரோ ஒருவரின் கணக்கில் உங்கள் கோப்பை ஏற்றும்போது, அது ஒப்புமை சோதிக்கும் மென்பொருளின் சேமிப்பில் தங்கிவிடலாம். பிறகு நூலகத்தில் அதிகாரபூர்வமாகச் சோதித்தால் உங்கள் ஆய்வேடு உங்கள் ஆய்வேட்டோடேயே நூற்றுக்கு நூறு ஒத்துப்போகும். அழுதுகொண்டு வந்து நின்றவர்கள் உண்டு.

மேற்கோள் நூல்களில் ஒன்றையாவது சாட்ஜிபிடி எடுத்துக் கொடுத்திருந்தால் அந்த நூலைத் திறந்து, பக்கத்தைப் பாருங்கள். இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ் எல்லாம் அழகாகக் கொடுக்கும். விவசாயிகளின் பெயர், சர்வே எண் உள்ள பேட்டிகளை அதில் ஏற்றாதீர்கள்.

ஒன்று சொல்லத்தான் வேண்டும். இயல்களைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் “பர்சென்டேஜ் எவ்வளவு?” என்று மட்டும் கேட்கும் நெறியாளர்கள் இருக்கும்வரை அந்த சென்டர்காரர் கடையைச் சாத்த மாட்டார். விதியை எழுதி ஒட்ட யாருக்கும் நேரமில்லை. தண்டிக்க மட்டும் கமிட்டி கூடுகிறது.

நீங்கள் நாளைக்கே நூலகத்துக்குப் போய், இன்ன தேதியில் வெளியே சோதித்தேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். சென்டர் ரசீது இருந்தால் இணைக்கலாம். பெரும்பாலும் அவர்கள் தருவதில்லை.