கொப்பிக் கணக்கு

அன்பின் அண்ணா,

போன மாதம் மகனுக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்க ஹட்டன் டவுனுக்குப் போனேன். முதல் கடையில் அவனுடைய அளவு இல்லை. எதிர்ப்பக்கக் கடைக்குப் போனால், தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர் மகளோடு நின்று அதே சப்பாத்தை 450 ரூபா கூடக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார். தொண்டை வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. வீட்டில் சொன்னபோது மனைவி, "நல்லவேளை வாயத் தொறக்கல. அடுத்தவன் வயித்துல அடிக்கக் கூடாது" என்றார். சுற்றுலாக்காரர் குவிகிற எல்லவில் வெள்ளைக்காரர்களிடம் செவ்விளநீருக்கு மூன்று மடங்கு வாங்குவதையும் பார்த்திருக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவர் கூடக் கொடுத்து ஏமாறும்போது நாம் சொல்ல வேண்டுமா, பேசாமல் வந்துவிட வேண்டுமா?

(பெயர் வேண்டாம்), தலவாக்கலை

*

அன்பின் தம்பிக்கு,

கடிதங்களுக்கு ஒழுங்காகப் பதில் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. உங்களுக்கு உடனே எழுதுகிறேன் என்றால், கொஞ்ச நாளாக எங்கள் அம்மாவின் கடைக் கணக்கு என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பதுதான் காரணம்.

எல்லவை முதலில் ஒதுக்கிவிடுவோம். ஹக்கலைப் பூங்காவிலும் ஹோட்டன் சமவெளியிலும் நம்மவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம் என்று அரசாங்கமே போர்டு போட்டு வாங்குகிறது. செவ்விளநீர்க்காரர் போர்டு போடாமல் வாங்குகிறார். இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஒன்பது வளைவுப் பாலம்வரை வழி தேடி வரத் தெரிந்தவருக்கு ஒரு இளநீரின் விலையைத் தேடத் தெரியாதா? அவருக்காக நீங்கள் தூக்கம் கெட வேண்டாம்.

உங்கள் மனைவி சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தைதான். கடைக்காரருக்கு வயிறு இருப்பது போல அந்த அம்மாவுக்கும் ஒன்று இருக்கிறது.

சரி, அந்த 450 ரூபாவுக்கு வருவோம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானி போட்டு தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1350 ரூபா ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் 450 என்பது மூன்றில் ஒரு பங்கு. காலையில் மலையேறி முதல் நிறுவைவரை எடுத்த கொழுந்து ஏறக்குறைய அவ்வளவும் அந்தச் சப்பாத்துக்குள் போயிருக்கிறது. உங்களுக்குத் தொண்டையை அடைத்ததில் நியாயம் இருக்கிறது. அதற்காக உங்களை எனக்குப் பிடித்தும் இருக்கிறது.

ஆனால் அவர் ஏமாந்தார் என்று யார் சொன்னது? நீங்கள் சொல்கிறீர்கள். எதிர்க்கடையில் ஒரு விலையைக் கேட்டுவிட்டு வந்த பத்து நிமிட அறிவை வைத்துக்கொண்டு சொல்கிறீர்கள். அந்தக் கடையில் பாதியைக் கொடுத்துவிட்டு மீதியைச் சம்பளத்தன்று கொடுக்கலாம் என்று இருந்திருக்கலாம். உங்கள் மகனுக்கு அளவு இல்லாத முதல் கடையில் அவருடைய மகளுக்கும் அளவு இல்லாமல் போயிருக்கலாம். தோட்டத்துக்கு இருக்கிற கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கலாம். இதில் ஒன்றையாவது யோசித்தீர்களா? தோட்டத்து ஆள் என்றதும் விவரம் தெரியாதவர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அதுவும் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்து, படித்து, டவுனில் வீடு கட்டிக்கொண்ட நாம்தான் முதலில் கட்டுகிறோம். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கிலோ கழிப்பதை அன்றாடம் பார்த்துக்கொண்டு நிற்கிற பெண்களுக்கா எங்கே எவ்வளவு போகிறது என்று தெரியாது?

எங்கள் தோட்டத்துக் கடையில் ஒவ்வொரு வீட்டுக்கும் கடன் எழுத ஒரு கொப்பி இருந்தது. எங்கள் கொப்பியின் மட்டையில் பெயர் கிடையாது, அப்பாவின் செக்ரோல் நம்பர் மட்டும், தோட்டத்துப் பெயர்ப்பதிவில் அவருக்கு இருந்த நம்பர். மா, சீனி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் அதில் ஏறும். சம்பளத்தன்று அப்பா ஆபீசிலிருந்து நேரே கடைக்குப் போய் கணக்கை முடித்துவிட்டு, மிஞ்சியதோடு வீட்டுக்கு வருவார். கொப்பியில் ஏறும் சீனிக்கு டவுன் விலையைவிட இரண்டு ரூபா கூட. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் இது தெரியும். எல்லா லயத்துக்கும் தெரியும்.

தெரியாதவர் எங்கள் மாமாதான். அம்மாவின் தம்பி, வெளியூரில் வாத்தியார். லீவுக்கு வந்தவர் ஒருநாள் கொப்பியை வாங்கிப் பக்கம் பக்கமாகக் கூட்டினார். கூட்டக் கூட்ட முகம் சிவந்தது. சம்பளத்தன்று சாயங்காலம், கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது, கொப்பியைத் தராசுத் தட்டில் போட்டு, "இது என்னா கணக்கு?" என்று கேட்டார். கடைக்காரர் சண்டை போடவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரியாகத் திருத்தினார். கூட வாங்கியதை எண்ணி மாமாவின் கையில் கொடுத்தார். எல்லாரும் பார்த்தார்கள். மாமா அன்றைக்குப் பெரிய ஆள்.

அப்புறம் கடைக்காரர் கொப்பியை மூடி அம்மாவின் பக்கம் தள்ளினார். "இனிமே காசுக்கே வாங்கிக்கங்க தங்கச்சி. ஒரு தொந்தரவும் இல்ல பாருங்க."

மாமா லீவு முடிந்து பஸ் ஏறிவிட்டார். எங்களுக்குப் பெப்ரவரி வந்தது. அந்தப் பக்கத்து மலைகளில் பெப்ரவரி, மார்ச் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரவில் பனி, பகலில் சுள்ளென்று வெயில், செடியில் கொழுந்து இருக்காது, கிழமைக்கு மூன்று நாள் வேலை கிடைத்தால் பெரிது. கொப்பி இருந்த வீடுகளில் அடுப்பு எரிந்தது. அம்மா பக்கத்து லயங்களில் சுண்டு சுண்டாக மா கடன் வாங்கி ரொட்டி தட்டினார். தொட்டுக்கொள்ள மிளகாயும் உப்பும். ஏப்ரலில் வருசப் பிறப்புக்கு மாமா திரும்பி வந்தபோது அம்மா அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சீனி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார்.

அந்தக் கடைக்காரருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர் கூட வைத்தது அன்றைய விலையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல். ஒரு மாதக் கடனுக்கு அப்படி வட்டி போட எந்த பாங்குக்கும் துணிச்சல் வராது. ஆனால் எந்த பாங்கும் லயத்துப் பெண்ணுக்கு மா கடன் கொடுக்கவும் வராது. அம்மா அந்த இரண்டு ரூபாவுக்குப் பெப்ரவரியை வாங்கிக்கொண்டிருந்தார். மாமா அதைச் சீனி விலை என்று நினைத்துக்கொண்டார்.

ஆகவே தம்பி, எச்சரிக்கிறவர் பஸ் ஏறிப் போய்விடுவார், எச்சரிக்கப்பட்டவர் நாளைக்கும் அதே கடைக்குத்தான் போக வேண்டும். இதை யோசிக்காமல் நாலு பேர் முன்னால் நியாயம் பேசுகிறவரைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் மாமாவின் ஞாபகம்தான் வருகிறது. நீங்கள் அப்படிப் பேசவில்லை, நல்லது. ஆனால் பேசாமல் இருந்ததும் இதையெல்லாம் யோசித்து அல்லவே? கூச்சம். அந்தக் கூச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் தர்மசங்கடமாக்கி, இப்போது எனக்குக் கடிதமாக்கி அனுப்பியிருக்கிறீர்கள். ஹட்டன் டவுனில் ஒரு சப்பாத்துக் கடையில், கொப்பிக் கணக்கு எதுவும் இல்லாத இடத்தில், பக்கத்தில் நிற்கிறவரிடம் "அக்கா, எதிர்க்கடையிலயும் ஒருக்கா பாத்துட்டு வாங்களேன்" என்று மெதுவாகச் சொல்ல என்ன தடை? விலையைக்கூடச் சொல்ல வேண்டாம். போவதும் போகாததும் அவர் பாடு. அவரிடம் சொல்லக் கூச்சமென்றால் கடைக்காரரிடம், "எனக்கும் இதே விலைதானா? எதிர்ல கொறைவாச் சொன்னாங்களே" என்று உங்களுக்காகக் கேட்டிருக்கலாம். அந்த அம்மாவுக்குக் காது இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் கடைக்குக் கடை விலை வித்தியாசப்படுகிற சங்கதி. எதிர்க்கடையைவிடக் கூட விற்பது குற்றமல்ல. ஆனால் பெட்டியிலோ பக்கற்றிலோ அச்சடித்த விலைக்கு மேல் ஒரு ரூபா வாங்கினாலும் குற்றம். அச்சடித்த விலையை அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 2022இல் சாமான் விலை நாளுக்கு நாள் ஏறியபோது பால்மாப் பக்கற்றில் ஸ்டிக்கருக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அடியில் பழைய விலை இருந்தது. அந்த மாதிரி இடத்தில் கூச்சமும் வேண்டாம், மெதுவாகச் சொல்வதும் வேண்டாம். வாங்குகிறவர் யாராக இருந்தாலும் சரி, சத்தமாகக் கேளுங்கள். ஏனென்றால் நாளைக்கு அதே பக்கற் உங்கள் வீட்டுக்கும் வரும். அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். கடையின் பெயர், இடம், சாமான், வாங்கிய விலை எல்லாம் கையில் இருக்க வேண்டும். பில்லும் இருந்தால் நல்லது.

பில் என்றதும் ஞாபகம் வருகிறது. கேட்டால் பில் கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. நம்மவர்கள் கேட்பதில்லை. கேட்டால் கடைக்காரர் கோபித்துக்கொள்வாராம். போன கிழமை நான் ஒரு கடையில் கேட்டேன். "என்ன அண்ணே, வரி ஆபீசுக்கா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிகரெட் அட்டையைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் கூட்டித் தந்தார். இதில் தேதி இல்லை, கடைப் பெயர் இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன். பின்னால் நின்ற இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், மழை வேறு. இரண்டாவது தடவை ஒழுங்கான பில் வந்தது.