அமெரிக்கப் பழங்குடிப் போலீஸ்காரர் ஒருவர் பணியில் இறந்தால் எப்படி மரியாதை செய்கிறார்கள்? வெளியாட்கள் என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் பழங்குடிகளுக்கென்று தனிப் போலீஸ் இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறார். இருக்கிறது. நான் நியூ மெக்சிகோ மாநிலத்தின் கேலப் என்ற ஊரில் ஆசிரியர் வேலை பார்க்கிறேன். ஊர் எல்லையைத் தாண்டினால் நவஹோ என்ற பழங்குடி மக்களின் நிலம். என் வகுப்பில் பெரும்பாலானவர்கள் நவஹோ பிள்ளைகள். அவர்களில் சிலருடைய அப்பா, மாமா, அத்தை எல்லாம் அந்தப் போலீஸில் இருக்கிறார்கள். அதனால் எனக்குத் தெரிந்த நவஹோ போலீஸை வைத்தே பதில் சொல்கிறேன். மற்ற பழங்குடிகளின் வழக்கம் வேறாக இருக்கும்.

முதலில் ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறேன். ஹூஸ்டன் லார்கோ. வயது 27. கேலப்புக்குக் கிழக்கே, ஐ-40 நெடுஞ்சாலையை ஒட்டிய ப்ரூயிட் பக்கத்தில் ஒரு வீட்டில் குடும்பச் சண்டை என்று தகவல் வந்தது. 2017 மார்ச் மாதம், இரவு நேரம். விசாரிக்கப் போன இடத்தில் அவரைச் சுட்டுவிட்டார்கள். மார்ச் 12 அன்று உயிர் பிரிந்தது. இந்தப் பக்கத்து மக்களுக்கு அவர் வெறும் செய்தியில் வந்த பெயர் இல்லை. தோரோ பக்கத்துப் பையன், இன்னார் வீட்டுப் பேரன் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2015 மார்ச்சில், ரெட் வேலியில் அலெக்ஸ் யாஸி இறந்தார். அதுவும் குடும்பச் சண்டைக்குப் போன இடத்தில் தொடங்கியதுதான். துரத்திக்கொண்டு போனபோது நடந்த துப்பாக்கிச் சண்டையில் அவர் இறந்தார், உடன் இருந்த இருவர் காயம்பட்டார்கள். 2011 ஜூனில் கைபிடோவில் சார்ஜன்ட் டேரல் கர்லி இறந்ததும் ஒரு குடும்பத் தகராறைத் தீர்க்கப் போய்த்தான். மூன்று சாவுக்கும் காரணம் கொள்ளைக் கூட்டமோ கடத்தல்காரர்களோ இல்லை. ஒரு வீட்டுக்குள் குடியும் கோபமும் முற்றிப்போய் யாரோ பயந்து போன் செய்கிறார்கள். போலீஸ்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். இந்தப் பக்கம் போலீஸ் வேலை என்றால் பெரும்பாலும் இதுதான்.

அந்த வண்டியில் அவர் தனியாகத்தான் போகிறார். லார்கோவின் சாவைப் பற்றிப் பேசும்போது இங்கே எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். நவஹோ நிலத்தின் பரப்பு சுமார் 70,000 சதுர கிலோமீட்டர், அதாவது இலங்கையை விடக் கொஞ்சம் பெரிது. அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என்று மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கிறது. அவ்வளவு நிலத்துக்கும் போலீஸ்காரர்கள் சுமார் 200 பேர். அதிலும் மூன்று ஷிஃப்ட், விடுப்பு, பயிற்சி, நீதிமன்றம் என்று கழித்துப் பார்த்தால், ஒரு ராத்திரியில் ஒரு வட்டாரம் முழுவதற்கும் எத்தனை வண்டி ஓடும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். துணைக்கு அடுத்த வண்டி வந்து சேர ஒரு மணி நேரம்கூட ஆகும்.

பல வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது, தெருப் பெயர் கிடையாது. மண் சாலையில் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, இரண்டாவது கால்நடை வேலியில் இடது பக்கம் திரும்பினால் நீல நிற டிரெய்லர் வீடு என்றுதான் வழி சொல்வார்கள். மழை பெய்தால் அந்தச் சாலை களிமண்ணாகிவிடும். மேட்டுக்கு அந்தப் பக்கம் போனால் ரேடியோவும் எடுக்காது, செல்போனும் எடுக்காது. என் மாணவி ஒருத்தியின் அப்பா நவஹோ போலீஸில் இருக்கிறார். அவர் ராத்திரி ஷிஃப்ட் போகும் நாட்களில் அம்மா, போலீஸ்காரர்கள் பேசிக்கொள்வதைக் கேட்க உதவும் ஸ்கேனர் ரேடியோவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவார் என்று ஒருநாள் அவள் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அன்று முழுக்க அதே நினைப்பாக இருந்தது.

இதில் சட்டச் சிக்கல் வேறு. ப்ரூயிட், தோரோ, கிரவுன்பாயின்ட் பக்கமெல்லாம் நிலம் சதுரங்கக் கட்டம் மாதிரி துண்டு துண்டாக இருக்கும். ஒரு துண்டு பழங்குடி நிலம், அடுத்தது தனியார் நிலம், அதற்கு அடுத்தது மாநில நிலம் அல்லது மத்திய அரசு நிலம். நிற்கும் இடம் எந்தத் துண்டு, எதிரில் நிற்பவர் பழங்குடியா இல்லையா என்பதைப் பொறுத்து யாருக்கு அதிகாரம் என்பது மாறும். பழங்குடி அல்லாதவர் மீது பழங்குடி நீதிமன்றம் குற்ற வழக்கு நடத்த முடியாது என்று 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆலிஃபன்ட் வழக்கில் சொல்லிவிட்டது. பிறகு நாடாளுமன்றம் சில விதிவிலக்குகள் கொடுத்தது. ஆனால் அடிப்படை இன்னும் அதுதான்.

இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு வழக்கு. 2016-இல் மொன்டானா மாநிலத்தில், குரோ பழங்குடி நிலத்தின் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் நள்ளிரவுக்குப் பிறகு ஒரு வண்டி ஓரமாக நின்றிருந்தது. வண்டியில் இருப்பவருக்கு உதவி வேண்டுமோ என்று குரோ போலீஸ்காரர் போய்ப் பார்த்தார். உள்ளே துப்பாக்கிகள் இருந்தன, போதைப் பொருளும் இருந்தது. ஆனால் ஓட்டி வந்தவர் பழங்குடி அல்லாதவர், அவரைப் பிடித்து வைத்துச் சோதிக்க இந்த அதிகாரிக்கு உரிமை இல்லை என்று கீழ் நீதிமன்றங்கள் சொல்லி, கிடைத்த ஆதாரத்தை ஒதுக்கிவிட்டன. உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில்தான், தற்காலிகமாகப் பிடித்து வைக்கலாம், சோதிக்கலாம் என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. அதுவரை, துப்பாக்கி வைத்திருக்கும் ஆளின் முன்னால் நின்றுகொண்டு தனக்கு அதிகாரம் எதுவரை என்று அந்த அதிகாரி யோசிக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்த்திருக்கிறது. இதை எந்த ஊர் நியாயம் என்று சொல்வது?

சரி, மரியாதைக்கு வருகிறேன்.

லார்கோவுக்கு நவஹோ நாடு முழுவதும் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டார்கள். இறுதிச் சடங்கு கேலப்பில் நடந்தது, அடக்கம் தோரோவில். இடையில் 40 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். பல போலீஸ் துறைகளிலிருந்து வந்த வண்டிகள் விளக்கைச் சுழலவிட்டபடி, சைரன் இல்லாமல், ஒன்றன் பின் ஒன்றாகப் போயின. எல்லோருடைய சட்டையிலும் பேட்ஜின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. அமெரிக்கப் போலீஸில் துக்கத்துக்கு அதுதான் அடையாளம்.

நான் சாலையோரத்தில் மற்றவர்களோடு நின்றிருந்தேன். எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி, வெல்வெட் ரவிக்கையும் நீளப் பாவாடையும் போட்டு, கழுத்தில் நீலக்கல் மாலையோடு நின்றார். விசேஷத்துக்கு உடுத்தும் உடை அது. முதல் வண்டி கண்ணில் பட்டதும் கைத்தடியை மகளிடம் கொடுத்துவிட்டார். கடைசி வண்டி போகும்வரை ஊன்றாமல் நின்றார். யாரும் கோஷம் போடவில்லை, பூ வீசவில்லை. காற்று மட்டும் பலமாக அடித்தது. மார்ச் மாதம் இங்கே காற்றுக் காலம்.

அமெரிக்கப் போலீஸ் சடங்குகளில் என்னால் தாங்க முடியாத ஒன்று கடைசி அழைப்பு. கல்லறையில் எல்லோரும் நிற்கும்போது, கட்டுப்பாட்டு அறையிலிருந்து இறந்தவரின் பணி எண்ணை ரேடியோவில் கூப்பிடுவார்கள். பதில் வராது. மறுபடியும் கூப்பிடுவார்கள். அதற்கும் பதில் வராது. பிறகு அவர் பணியை முடித்துவிட்டார் என்று அறிவிப்பார்கள். தினமும் ராத்திரி அவரோடு பேசிய அதே குரல் அதைச் சொல்ல வேண்டியிருப்பதும் உண்டு. ரேடியோ எடுக்காத மேடுகளில் தினமும் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தப் பதில் வராத சில நொடிகள் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் இங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பழைய நவஹோ மரபில் இறந்தவரைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள், பெயரையும் சொல்ல மாட்டார்கள். நான்கு நாள் துக்கம், அதோடு அமைதியாகிவிடுவார்கள். இறந்தவரை அடிக்கடி கூப்பிட்டுக் கொண்டிருந்தால் அவருக்கும் நல்லதில்லை, இருப்பவர்களுக்கும் நல்லதில்லை என்பது நம்பிக்கை. இன்றைக்குப் பலர் கிறிஸ்தவர்கள், பலர் இரண்டு வழியையும் சேர்த்தே பின்பற்றுகிறார்கள். ஒரே வீட்டில் மகன் கல்லறைக்கு வருவான், தாத்தா வர மாட்டார். அதில் அன்புக் குறைவு எதுவும் இல்லை. அமெரிக்கப் போலீஸ் மரியாதையோ முழுக்க முழுக்கப் பெயரைச் சத்தமாகச் சொல்வதில்தான் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் குடும்பம் தனக்கு எது சரியோ அதைச் செய்துகொள்ளும். வெளியாட்கள் அதில் தலையிடாமல் இருப்பதே நல்லது.

பெயர் பொறிக்கிற இடமும் ஒன்று இருக்கிறது. நியூ மெக்சிகோவின் தென்கிழக்கே ஆர்டீசியா என்ற ஊரில் மத்திய அரசின் போலீஸ் பயிற்சி மையம் உள்ளது. பழங்குடிப் போலீஸ்காரர்கள் பலர் பயிற்சி எடுப்பது அங்கேதான். அந்த வளாகத்தில், பழங்குடி நிலங்களில் பணியின்போது இறந்த அதிகாரிகளின் பெயர்களைக் கருங்கல்லில் பொறித்து நினைவிடம் வைத்திருக்கிறார்கள். வருடா வருடம் மே மாதத் தொடக்கத்தில் கூட்டம் நடக்கும், புதிதாகச் சேர்ந்த பெயர்களை வாசிப்பார்கள். பயிற்சிக்கு வரும் இளைஞர்கள் தாங்கள் எந்த வேலையில் சேர்கிறோம் என்பதை அந்தக் கல்லைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள். வாஷிங்டனில் உள்ள தேசிய நினைவிடத்திலும் பழங்குடி அதிகாரிகளின் பெயர்கள் உண்டு. மே 15 அமெரிக்கா முழுவதும் இறந்த போலீஸ்காரர்களின் நினைவு நாள். 1962-இல் கென்னடி காலத்தில் வந்த வழக்கம் அது.

பணியில் சாவு என்றால் துப்பாக்கிக் குண்டு மட்டும் இல்லை. இந்தச் சாலைகளில் விபத்தில் போனவர்கள் இருக்கிறார்கள். 2020-இல் கொரோனா வந்தபோது, மக்கள்தொகைக் கணக்கில் பார்த்தால் அமெரிக்காவிலேயே மிக மோசமாகத் தாக்கப்பட்ட இடங்களில் நவஹோ நிலமும் ஒன்று. வார இறுதிகளில் முழு ஊரடங்கு. நவஹோ போலீஸ்தான் சாலையில் நின்றது. அந்த ஜூனில் மைக்கேல் லீ என்ற அதிகாரி கொரோனாவால் இறந்தார். ஏறக்குறைய 30 வருடம் அந்தத் துறையில் வேலை பார்த்தவர். அவர் சாவையும் பணிச் சாவாகவே எடுத்துக்கொண்டார்கள். சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

பழங்குடிப் போலீஸ் என்பதே வெள்ளைக்காரர்கள் தங்கள் வசதிக்கு ஏற்படுத்தியதுதானே என்று சிலர் கேட்பார்கள். வரலாற்றில் அதற்கு இடம் இருக்கிறது. 1890 டிசம்பரில் லகோட்டா தலைவர் சிட்டிங் புல்லைக் கைது செய்ய அரசாங்கம் அனுப்பியது அவருடைய சொந்த இனத்துப் போலீஸ்காரர்களைத்தான். அன்று அவரும் இறந்தார், அவர்களிலும் பலர் இறந்தார்கள். அந்த வலி அங்கே இன்னும் ஆறவில்லை. நவஹோ போலீஸும் 1872-இல் ராணுவ அதிகாரிகளின் ஏற்பாட்டில்தான் தொடங்கியது. ஆனால் தலைமை ஏற்றவர் மனுவெலிட்டோ. அமெரிக்க ராணுவத்தை வருடக்கணக்கில் எதிர்த்து நின்ற தலைவர் அவர். இன்று அந்தத் துறை நவஹோ அரசின் கையில் இருக்கிறது. வீட்டுக் கதவைத் தட்டும் அதிகாரி பாட்டியிடம் நவஹோ மொழியிலேயே பேசுகிறார், முதலில் தன் தாய்வழிக் குலம் எது என்று சொல்லிவிட்டுத்தான் விசாரணையைத் தொடங்குகிறார். வெளியிலிருந்து வரும் போலீஸால் இது முடியாது.

என்னைக் கேட்டால், லார்கோ போன்றவர்களுக்குச் செய்யும் முதல் மரியாதை அடுத்த அதிகாரியைத் தனியாக அனுப்பாமல் இருப்பது. இன்னும் ஆட்கள், எல்லா மேட்டிலும் எடுக்கிற ரேடியோ, வீடுகளுக்கு முகவரி. நவஹோ மக்களோடு 1868-இல் போட்ட ஒப்பந்தத்தின்படி அவர்களுக்குப் பொறுப்பேற்ற அமெரிக்க அரசாங்கம் இதற்கான பணத்தைப் பிச்சை மாதிரி கொடுத்துக்கொண்டிருக்கிறது. பணியில் இறந்தவரின் குடும்பத்துக்கு மத்திய அரசு இப்போது 4 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கிறது, பழங்குடி அதிகாரிகளுக்கும் அது உண்டு. அது அவசியம்தான். ஆனால் துணைக்கு ஒருவரை வைத்திருந்தால் அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டிய நிலையே வந்திருக்காது என்பது இங்கே டீக்கடை மாதிரி உட்கார்ந்து பேசும் எல்லா இடத்திலும் கேட்கிற பேச்சு.

வெளியாட்கள் என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். இந்தப் பக்கம் பயணம் வந்து, ஊர்வலம் எதிரில் வந்தால் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, தொப்பியைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். போட்டோ எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள், குடும்பத்தினரை எடுக்கவே எடுக்காதீர்கள். இறந்தவரைப் பற்றி அவர்களாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாகத் தூண்டாதீர்கள். உதவி செய்ய நினைத்தால் அந்த ஊரின் சாப்டர் ஹவுஸில் விசாரியுங்கள். நம் பஞ்சாயத்து அலுவலகம் போன்ற இடம் அது. அடக்கம் முடிந்து வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் சாப்பாடு நடக்கும். ஆட்டுக்கறிக் குழம்பு, எண்ணெயில் பொரித்த ரொட்டி, காபி. மாவு, உருளைக்கிழங்கு, விறகு, தண்ணீர் எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். பணம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். இருந்து பாத்திரம் கழுவிக் கொடுத்தால் இன்னும் நல்லது. நான் அதைத்தான் செய்வது வழக்கம்.

ஆர்டீசியா நினைவிடத்துக்குப் போக விரும்பினால், அது பயிற்சி மையத்தின் வேலிக்குள் இருக்கிறது. வாசலில் சோதனை உண்டு, நினைத்த நேரத்தில் உள்ளே விட மாட்டார்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.