இரு வீட்டுக் கணவர்

கேள்வி: அண்மையில் பார்த்த மேடை நாடகத்தில், சிங்கப்பூரின் உட்லண்ட்சில் மனைவியுடன் வாழும் ஒருவர், மலேசியாவின் ஜொகூர் பாருவில் இன்னொரு பெண்ணையும் இரகசியமாக மணந்து குழந்தை பெறுகிறார். உண்மை வெளிப்பட்டதும் அவர், "அது வேறு நாட்டில் நடந்தது, இங்குள்ள சட்டம் என்னைத் தொடாது" என்கிறார். அது சரியா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: அவர் சொல்வது தவறு. சிங்கப்பூரின் திருமண, குடும்பச் சட்டமான 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனம், ஏற்கெனவே மணமான ஒருவர், அந்த மணம் நீடிக்கும்வரை, சிங்கப்பூரிலோ வேறெங்குமோ செய்துகொள்ளும் மறுமணம் செல்லாது என்று கூறுகிறது; அது தண்டனைச் சட்டத்தின் 494ஆம் பிரிவின்கீழ் ஏழாண்டு வரையிலான சிறைக்கும் அபராதத்துக்கும் உரிய குற்றமுமாகும். (முஸ்லிம் திருமணங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு.) இரண்டாவது பெண்ணை மணக்காமல் அவருடன் வாழ்ந்திருந்தால் அது இக்குற்றமாகாது, ஆனால் முதல் மனைவி, கணவரின் தகாத உறவைக் காட்டி மணவிலக்குக் கோரலாம்.

கணவரின் பொய்களைச் சுவைபடக் காட்டுவதில் மூழ்கிவிட்ட நாடகாசிரியர், அந்த இரண்டாவது பெண்ணுக்குக் கண்ணீரைத் தவிர வேறொன்றும் கொடுக்கவில்லை என்பதே என் குறை. அவரும் ஏமாற்றப்பட்டவரே அல்லவா? மேலும், பெற்றோரின் திருமணம் செல்லாது என்பதால் குழந்தையைப் பராமரிக்கும் கடமை தந்தையை விட்டு நீங்குவதில்லை. முறைப்படி பிறந்த பிள்ளைக்கும் அவ்வாறல்லாத பிள்ளைக்கும் அக்கடமை உண்டென்று மாதர் சாசனத்தின் 68ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. இறுதிக் காட்சியில் அந்தப் பெண்ணை வெறுங்கையுடன் பேருந்தில் ஏற்றி அனுப்புவதற்கு முன், நாடகாசிரியர் அதைப் படித்திருக்கலாம்.