பூவைப் படம் எடுத்தால் சோறு போடுமா?

வணக்கம் அம்மா.

போன சனிக்கிழமை கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருந்து மகளைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரிக்கு என்னிடம் வந்தீர்கள். அவள் எடுத்த பூப் படங்களைக் காட்டிய அரை மணி நேரமும் நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கிளம்பும்போது பின்தங்கி நின்று, "பூவைப் படம் எடுத்தா சோறு போடுமா சார்?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். அவள் காதில் விழுமே என்று அன்றைக்கு மழுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன், இதை அவளும் படிக்கட்டும்.

பூவை மட்டும் எடுத்தால் போடாது. காலண்டர், வாழ்த்து அட்டை என்று முன்பு இருந்த கொஞ்சநஞ்ச வேலையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படங்களால் போய்விட்டது. இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் பூவைத் தானே உருவாக்கித் தரும் செயலிகள் வேறு வந்துவிட்டன. அதனால் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன்.

ஆனால் அந்தக் கனகாம்பரப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். பித்தளைச் சொம்பில் நான்கு கொத்து, பின்னால் காரை பெயர்ந்த மஞ்சள் சுவர். அந்தச் சுவர் உங்கள் வீட்டில் இல்லை. இங்கே கடற்கரைப் பக்கத்துப் பழைய தெரு ஒன்றில், மேகமூட்டமான நாளில் தனியாக எடுத்து வைத்தது. சொம்பை உங்கள் வீட்டு ஜன்னல் ஓரம் வைத்து, ஜன்னலில் அப்பாவின் பழைய வேட்டியைக் கட்டி வெயிலை அடக்கியிருக்கிறாள். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தி நிழலைக் கொஞ்சம் வெளுக்க வைத்திருக்கிறாள். அப்புறம் அண்ணன் லேப்டாப்பில் இரண்டு படத்தையும் லேயராக அடுக்கி, மல்டிப்ளை முறையில் கலந்திருக்கிறாள். அந்த முறையில் மேலே வைக்கும் படத்தின் வெள்ளை காணாமல் போகும், கருமை தங்கும். அப்படித்தான் சுவரின் விரிசல் பின்னணியில் இறங்கியது. அதே விரிசல் இதழிலும் ஏறினால் பூ வாடி அழுகியதுபோல் தெரியும். அதைத் தடுக்க மாஸ்க் (மேல் படத்தில் வேண்டாத இடத்தை மட்டும் மறைக்கும் வசதி) போட்டு, இதழ் ஓரமாகச் சின்ன பிரஷ்ஷால் துடைத்து எடுத்திருக்கிறாள். கனகாம்பர இதழ் எவ்வளவு மெல்லிசு என்று தினம் பூ கட்டும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

குறையும் இருக்கிறது. மல்லிப் படத்தில் சுவரின் மஞ்சள் பூவில் ஏறி, நேற்றைய மல்லி மாதிரி இருக்கிறது. சுவர்ப் படத்தின் நிறத்தை முழுக்க எடுத்துவிட்டு, சொரசொரப்பை மட்டும் சாஃப்ட் லைட் என்ற இன்னொரு கலப்பு முறையில் கலந்து பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு படத்தில் பூவுக்கு வெளிச்சம் இடப்பக்கம், சுவருக்கு வலப்பக்கம். பார்ப்பவருக்குக் காரணம் புரியாது, ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் தோன்றும். எல்லாப் படத்திலும் பூ நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கமாகத் தள்ளி வைத்து, பூ பார்க்கும் திசையில் கொஞ்சம் வெற்றிடம் விட்டால் அந்தச் சுவருக்கும் படத்தில் வேலை இருக்கும்.

இரண்டு படத்தை ஒட்டுவது ஏமாற்று வேலை என்று அவள் அப்பா சொன்னதாகச் சொன்னீர்கள். செய்திப் படத்தில் செய்தால் ஏமாற்றுதான். இதில் இல்லை. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் வெவ்வேறு பருவத்தில் பூக்கும் பூக்களை ஒரே ஜாடியில் வைத்து வரைந்தார்கள், தனித்தனியாக வரைந்து வைத்திருந்து பிறகு சேர்த்ததுதான். (அதே டச்சுக்காரர்கள் அந்தக் காலத்தில் உங்கள் கடலூர் தேவனாம்பட்டினத்தில் வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள்.) ஆனால் அடுத்தவர் எடுத்த சுவர்ப் படத்தை இணையத்தில் இருந்து உருவிப் போடுவது தப்பு. இவள் தன் படத்தையே வைத்துக்கொள்கிறாள், அதில் எனக்குச் சந்தோஷம்.

சம்பளம் எங்கே இருக்கிறது என்றால், நகை, புடவை, சாப்பாடு, சோப்பு பாட்டில் எல்லாவற்றுக்கும் விற்பனைப் படம் வேண்டியிருக்கிறது. கடைக்காரர் தன் கையில் இருக்கும் அந்த ஆரத்தைத்தான் காட்டியாக வேண்டும், செயலி கற்பனை செய்த ஆரத்தைக் காட்டி விற்க முடியாது. வெளிச்சத்தை அடக்குவது, ஓரத்தைச் சுத்தமாக வெட்டுவது, பின்னணி பொருளை விழுங்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள் பூவில் பழகிய வேலைதான்.

அதனால் ஒரு சோதனை. அடுத்த இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் பூ வேண்டாம். ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு கண்ணாடி பாட்டில், உங்கள் கல் தோடு. எவர்சில்வரில் அறை முழுக்கத் தெரியும், கேமராவும் அவள் முகமும் சேர்ந்து தெரியும். சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டி அதை மறைக்கப் பாடாய்ப் படவேண்டும். அலுத்துப்போய் விட்டுவிட்டால் அவளுக்குப் பிடித்தது பூ, அது பொழுதுபோக்காகவே இருக்கட்டும். மறுபடி மறுபடி உட்கார்ந்தால் தொழிலாக யோசிக்கலாம்.

கேமராவுக்கு இப்போது பெரிய தொகை வேண்டாம். பூவும் டம்ளரும் ஓடாது. உறுதியான ட்ரைபாட் வாங்கிக் கொடுங்கள். ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) 100, அபர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப் 8, இரண்டு விநாடி டைமர் வைத்தால் செகண்ட் ஹேண்டில் வாங்கும் பழைய கேமராவே போதும். மிச்சக் காசில் அரவிந்தர் ஆசிரமத்தின் கையால் செய்த தாள் நாலைந்து வாங்குங்கள். நிஜப் பின்னணி, எடிட்டிங் வேலை பாதி குறையும்.

படிப்புக்கு வருகிறேன். சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் நான்கு வருடப் பட்டப்படிப்பு. செலவு குறைவு, ஆனால் சேர்வதற்கு வரைந்து காட்ட வேண்டும். இவள் பென்சிலைத் தொட்டதே இல்லை என்றாள், இன்றைக்கே தொடச் சொல்லுங்கள். நீங்கள் இங்கே வரும் பஸ் வழியிலேயே அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் என்ற கலைக் கல்லூரி இருக்கிறது. பக்கம்தான், ஆனால் நீங்கள் தமிழ்நாடு. புதுச்சேரிப் பிள்ளைகளுக்குத்தான் அங்கே முன்னுரிமை, அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். தனியார் கல்லூரி விஸ்காம் என்றால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் ஸ்டுடியோ லைட் வாரத்தில் எத்தனை மணி நேரம் கையில் கிடைக்கிறது என்று கேளுங்கள். பட்டம் முடித்தபின் குஜராத் காந்திநகரில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (NID) போட்டோகிராபி டிசைன் முதுகலை இருக்கிறது. அதை அப்புறம் பார்க்கலாம்.

இன்ஜினியரிங் பற்றி அவள் அப்பாவோடு இப்போது சண்டை வேண்டாம். விண்ணப்பத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மூவருமாக வாருங்கள், டம்ளர் படத்தையும் எடுத்து வரச் சொல்லுங்கள். அதில் அவள் முகம் தெரியவில்லை என்றால் அப்பாவிடம் நானே பேசுகிறேன்.