பிறந்தநாள் குறிப்புக்கு ஹோட்டலிலிருந்து பதில் வரவில்லை என்றால்

அந்தக் குறிப்பை நம்பிக் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே ஹோட்டலுக்கு நேரடியாக போன் செய்யுங்கள். முன்பதிவுத் தளத்தில் மனைவியின் பிறந்தநாள், கேக்கும் அலங்காரமும் வேண்டும் என்று எழுதி நான்கு நாளாகியும் பதில் இல்லை என்கிறீர்கள். பெரும்பாலும் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள், இன்னும் யாரும் படித்திருக்கவே மாட்டார்கள். பல ஹோட்டல்களில் அறை ஒதுக்குவதே நீங்கள் வரும் நாளிலோ முந்தைய நாளிலோதான், குறிப்புகளையும் அப்போதுதான் பார்ப்பார்கள். கேக் செய்ய அந்த நேரம் போதாமல் போகலாம்.

1. வரவேற்பில் முன்பதிவு எண்ணைச் சொல்லி, என் பதிவில் என்ன குறிப்பு இருக்கிறது, படித்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். இல்லையென்றால் அப்போதே சேர்க்கச் சொல்லுங்கள்.

2. எது இலவசம், எதற்குக் கட்டணம், எத்தனை மணிக்கு அறை தயாராக இருக்கும் என்று கேட்டு, அதையே மின்னஞ்சலில் அனுப்பிப் பதில் வாங்குங்கள். போனில் பேசியவர் ஷிப்ட் முடிந்து போய்விட்டால் அடுத்தவருக்குத் தெரியாது.

3. வாழ்த்து அட்டையின் வரிகளை நீங்களே எழுதி அனுப்புங்கள். பலூன்களைவிட அதுதான் மனதில் நிற்கும்.

ஒன்று கவனம்: பதிவில் மனைவியின் போன் எண் இருந்தால் உறுதிப்படுத்த அவருக்கே அழைப்பு போகும், ரகசியம் உடைந்துவிடும். எண்ணை முதலில் மாற்றுங்கள். அப்புறம், அறைக்குள் மெழுகுவர்த்தி ஏற்றப் பல ஹோட்டல்கள் விடுவதில்லை, புகை அலாரம் அடிக்கலாம். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.