மருந்துக்கும் தனிமத்துக்கும் பெயரிடுவது யார்?

கேள்வி: பாராசிட்டமால், அசிட்டமினோஃபென் இரண்டும் ஒரே மருந்துதான் என்கிறார்கள். அப்படியானால் ஒரு மருந்துக்கு இரண்டு பொதுப்பெயர்கள் எதற்கு? இப்பெயர்களை முடிவு செய்வது யார்?

பதில்: ஒரே மருந்துதான். பாரா-அசிட்டைல்அமினோஃபீனால் என்ற அதன் வேதிப்பெயரிலிருந்து வெவ்வேறு துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்ததால் இரண்டு பெயர்கள் உண்டாயின. அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் நிலைத்தது; உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது பாராசிட்டமாலை.

ஒவ்வொரு மருந்துக்கும் வேதிப்பெயர், பொதுப்பெயர், வணிகப் பெயர் என மூன்று வகைப் பெயர்கள் உண்டு. வேதிப்பெயர் மூலக்கூறின் அமைப்பை முழுமையாகச் சொல்லும். ஆனால் மருந்துச் சீட்டில் எழுத இயலாத அளவுக்கு நீளும். வணிகப் பெயர் நிறுவனத்தின் சொத்து. யாருக்கும் உரிமையில்லாத, எவரும் பயன்படுத்தத்தக்க பெயர் ஒன்று தேவை என்பதால் 1950இல் உலக சுகாதாரப் பேரவை இதற்கான திட்டத்தைத் தொடங்கியது. முதல் பெயர்ப் பட்டியல் 1953இல் வெளியானது. இன்றும் ஒரு பெயர் முதலில் முன்மொழிவாக வெளியிடப்பட்டு, மறுப்புத் தெரிவிக்க நான்கு மாத அவகாசம் தரப்பட்ட பிறகே பரிந்துரைக்கப்பட்ட பெயராகிறது.

இப்பெயர்களின் உண்மையான பயன் அவற்றின் ஈற்றில் இருக்கிறது என்பேன். அட்டெனோலால், மெட்டோபுரோலால் என 'ஓலால்' என்று முடிபவை இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கும் பீட்டா தடுப்பான்கள்; எனாலாபிரில், ராமிபிரில் என 'பிரில்' என்று முடிபவை இரத்த அழுத்தத்துக்கான வேறொரு குடும்பம். ஆனால் ஈற்றை மேலோட்டமாகப் பார்த்தால் ஏமாறவும் நேரும். அடோர்வாஸ்டாட்டின் கொழுப்பைக் குறைப்பது. நிஸ்டாட்டினோ பூஞ்சைத் தொற்றுக்கானது, நியூயார்க் மாநிலத்தின் பெயரால் அழைக்கப்படுவது. அதனால்தான் கொழுப்பு மருந்துகளுக்கு 'வாஸ்டாட்டின்' என்ற நீண்ட ஈறே அடையாளம். ஒற்றைமூல எதிர்ப்பொருள்களுக்கு (ஒரே செல்லின் வழிவந்த, மருந்தாகும் நோய் எதிர்ப்புப் புரதங்களுக்கு) வழங்கப்பட்ட 'மேப்' என்ற ஈறோ, ஒன்றுபோல் ஒலிக்கும் பெயர்கள் பெருகிவிட்டதால், 2021இல் புதிய மருந்துகளுக்குக் கைவிடப்பட்டு, அதன் இடத்தில் நான்கு ஈறுகள் வந்தன.

உரிமைச் சிக்கலுக்கு அட்ரினலின் நல்ல சான்று. அமெரிக்காவில் ஏறத்தாழ அதே பெயரை ஒரு நிறுவனம் வணிகக் குறியாகப் பதிவு செய்திருந்ததால், அங்கே எபிநெஃப்ரின் என்பது பொதுப்பெயரானது. உலக சுகாதார நிறுவனம் இம்முறை அமெரிக்கப் பெயரையே ஏற்றது. ஐரோப்பாவிலோ அட்ரினலின் இன்னும் வழக்கில் இருக்கிறது.

கேள்வி: தனிமங்களின் பெயர்கள் பெரும்பாலும் 'இயம்' என்றே முடிவது ஏன்?

பதில்: உலோகங்களுக்கு வழங்கிய இலத்தீன் ஈறு அது. 1868இல் சூரிய ஒளியின் நிறமாலையில் புதிய கோடு ஒன்றைக் கண்டவர்கள், அது ஏதோ உலோகத்தினுடையது எனக் கருதி ஹீலியம் என்று பெயரிட்டார்கள். பின்னர் அது மந்த வாயு எனத் தெரிந்தும் பெயரை மாற்றவில்லை. நியான், ஆர்கான் போன்ற அதன் உறவினர்களுக்கே வேறு ஈறு அமைந்தது. இப்போது புதிய தனிமங்களின் பெயர்களை ஏற்பது, 1919இல் நிறுவப்பட்ட தூய, பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம். அதன் விதிப்படி தனிம அட்டவணையின் நெடுவரிசைகளான தொகுதிகளில் 17ஆம் தொகுதிக்கும் 18ஆம் தொகுதிக்கும் தனி ஈறுகள் உண்டு. 2016இல் ஏற்கப்பட்ட நான்கு பெயர்களில் நிஹோனியமும் மாஸ்கோவியமும் 'இயம்' பெற, டென்னசின், ஒகனெசான் இரண்டும் வேறு விதமாக முடிவது அதனால்தான்.