மனிதவள மேலாண்மையையும் தொழிலாளர் உறவையும் உண்மையில் தீர்மானிப்பது எது?

கேள்வி: எம்.பி.ஏ. மனிதவளம் படிக்கிறேன். ஒரு நிறுவனத்தின் ஆள் நிர்வாகத்தையும் தொழிலாளர் உறவையும் பாதிக்கும் முக்கியக் காரணிகள் எவை? சென்னையில் வேலை பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

சந்தை, சட்டம், தொழில்நுட்பம், சங்கம், சமூக மாற்றம் என்று பாடப்புத்தகத்தில் தலைப்பு போட்டிருப்பார்கள். பரீட்சைக்கு அதையே எழுதுங்கள், மார்க் வரும். என்னைக் கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: எண்கள். சட்டம் எங்கெல்லாம் ஒரு எண்ணைப் போட்டுக் கோடு கிழித்திருக்கிறதோ, அங்கெல்லாம் முதலாளி கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கப் பார்ப்பார், தொழிலாளி அந்தப் பக்கம் தாண்டப் பார்ப்பார். எங்கள் வேலையில் முக்கால்வாசி அந்தத் தள்ளுமுள்ளுதான்.

1990-களின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் கிளார்க்காக, அதாவது வருகைக் கணக்கு எழுதுபவனாகச் சேர்ந்தேன். அப்போது எங்கள் பக்கம் ‘எச்.ஆர்.’ என்ற பேச்சே கிடையாது, பெர்சனல் டிபார்ட்மென்ட்தான். மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு கேசுவல் (தற்காலிக) ஆளின் பெயருக்கு நேரேயும் அவர் வேலை பார்த்த மொத்த நாட்களைப் பென்சிலில் குறித்து வைக்க வேண்டும். பேனா கூடாது என்பது உத்தரவு. ஏன் என்று பிறகுதான் புரிந்தது.

தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். அப்போதிருந்த 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறு சட்டத்திலோ 12 மாதத்தில் 240 நாள் என்று இன்னொரு கோடு இருந்தது. அதைத் தாண்டிய ஆளை நோட்டீசும் இழப்பீடும் இல்லாமல் ஆட்குறைப்பு செய்ய முடியாது. ஆகவே பென்சில் எண் 200-ஐத் தொட்டதும் மேனேஜர் எட்டிப் பார்த்து, “பிரேக் குடுத்துடு” என்பார். அந்த ஆள் இரண்டு மாதம் வீட்டில் இருப்பார். திரும்பி வரும்போது டோக்கன் நம்பர் புதிது. சிலருக்கு இனிஷியலே மாறியிருக்கும்!

கிரைண்டிங் செக்‌ஷனில் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதிகம் பேச மாட்டார். அவர் நிரந்தரம் கேட்டு மனு போட்டார். அரசு ஆய்வாளர் முன்னால் நான் மஸ்டர் ரோலோடு உட்கார்ந்திருக்கிறேன். மனு போட்டவர் ஒரு மஞ்சப்பையைத் திறந்து நூல் கட்டிய கட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். அத்தனையும் தினசரி காலண்டர் தாள். வேலைக்கு வந்த நாளின் தாளை மட்டும் கிழித்து, பின்பக்கத்தில் ‘பி ஷிஃப்ட், 3-ஆம் மெஷின், ஓ.டி. 2 மணி’ என்று எழுதி, மாதவாரியாகக் கட்டி வைத்திருக்கிறார். எங்கள் தரப்பில், “இதை யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்து எழுதலாமே” என்றார்கள். ஆய்வாளர் எதுவும் சொல்லாமல் கேன்டீன் கணக்கைக் கொண்டுவரச் சொன்னார். நாங்கள் ஆள் வரவில்லை என்று காட்டிய நாட்களில் எல்லாம் அவர் பெயரில் சாப்பாட்டு டோக்கன் போயிருந்தது. மஸ்டர் ரோலை அழித்தவர்களுக்குக் கேன்டீன் நோட்டு ஞாபகமே வரவில்லை.

வெளியே வந்து டீ குடிக்கும்போது கேட்டேன், “எப்பலேர்ந்துண்ணே இதச் சேத்து வெக்கிறீங்க?”

“மொத தடவ பிரேக் குடுத்தீங்களே சார், அன்னிலேர்ந்து.”

அவருக்கு நிரந்தரம் கிடைத்தது. எனக்கு அந்த மாதம் மெமோ கிடைத்தது, அது வேறு கதை.

சங்கம் என்ற காரணியைத் தனியாகப் படிப்பீர்கள். அதற்கும் இந்த ஊரில்தான் வேர். பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணை நின்றவர்களில் ஒருவர். நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய்ச் சங்கத் தலைவர்கள் மேல் தடை உத்தரவு வாங்கியது. சங்கம் வைப்பதற்கே பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் அதன்பின் வலுத்து, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதிலும் ஓர் எண்: ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். 2001 திருத்தத்தில் தொழிலாளர்களில் பத்து சதவீதம் அல்லது நூறு பேர், இதில் எது குறைவோ அது என்று நிபந்தனை கூடியது.

சம்பளம்தான் எல்லாத் தகராறுக்கும் காரணம் என்று யாராவது வகுப்பில் சொன்னால், 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் நடந்த வேலைநிறுத்தத்தை எடுத்துச் சொல்லுங்கள். 37 நாள் நீடித்தது. சம்பளக் கோரிக்கையும் இருந்தது. ஆனால் இழுத்துக்கொண்டே போனது ‘எங்கள் சங்கத்தை அங்கீகரி’ என்ற ஒற்றை வரியில்தான். பதிவு கிடைத்தது 2025 ஜனவரியில்.

சந்தையைப் பற்றி ஒரு வார்த்தை. கார் கம்பெனிக்கு சீட்டோ கண்ணாடியோ கொடுக்கும் ஆலையில் கையிருப்பு சில மணி நேரத்துக்குத்தான் இருக்கும். அங்கே ஒரு ஷிஃப்ட் நின்றால் கார் லைனும் நிற்கும். அந்த ஆலைத் தொழிலாளியின் பேச்சுக்குத் தனி மதிப்பு வருவது அதனால்தான். தொழில்நுட்பமோ, பஞ்சிங் கார்டு போய்க் கைரேகை வந்தது. பென்சில் எண்ணைப் போல அழிக்க முடியாது, அவ்வளவுதான்.

பிறகு நான் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம், ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்துக்குப் போனேன். ஏசி அறை, பீன் பேக், ஆனால் எண் விளையாட்டு அதேதான். வேலையை விடும்போது தரும் பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஐந்து வருடம் என்பது சட்டம். கடைசி வருடத்தில் 240 நாள் ஓடியிருந்தால் அதையும் முழு வருடமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-இலேயே சொல்லியிருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் நாலரை வருட ஆட்களின் அப்ரைசல் மட்டும் திடீரென்று கடுமையாகும். தற்செயல் என்பார்கள். அம்பத்தூரில் டைம் ஆபீஸ் பார்த்தவன் நம்புவானா?

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கின்றன. ஆட்குறைப்புக்கும் மூடுவதற்கும் அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டிய ஆலையின் அளவு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆகியிருக்கிறது. முன்பெல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு போர்டு மாட்டி, ஒவ்வொன்றிலும் 95 பேரைக் காட்டிய ஆலைகளைப் பார்த்திருக்கிறேன். இனி அந்த இரண்டாவது போர்டைக் கழற்றிவிடலாம். குறித்த காலப் பணியாளருக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை என்பது தொழிலாளிக்கு நல்ல மாற்றம். இனி பதினோரு மாத ஒப்பந்தங்கள் பெருகுமோ என்பது என் சந்தேகம்.

எண் இல்லாத கோடு ஒன்றையும் சொல்ல வேண்டும். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. தி.நகர் ஜவுளிக் கடைகளில் இப்போது ஸ்டூல் இருக்கிறது. பல இடங்களில் அதன் மேல் புடவைக் கட்டு இருக்கிறது. எத்தனை பேருக்கு எத்தனை ஸ்டூல் என்று ஓர் எண் போட்டிருந்தால் கட்டு கீழே இறங்கியிருக்கும்.

இன்டர்ன்ஷிப்புக்கு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் பாலிசி புத்தகத்தை அப்புறம் வாங்கிப் படியுங்கள். முதல் நாள் மதியம் கேன்டீனில் ஓர் ஓரமாக உட்காருங்கள். நிரந்தரம், ட்ரெயினி, காண்ட்ராக்ட் என்று பெரும்பாலும் சட்டை நிறம் வேறு வேறாக இருக்கும். எந்த நிறம் எத்தனை பேர், எந்த நிறம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பென்சில் வேண்டாம், பேனாவில்.